கேட்டலும் கீழ்ப்படிதலும்: லாச்சப்பல் முதல் புதுச்சேரி வரை

பாரிசு மாநகரின் வடபுறத்தில், வடக்குத் தொடர்வண்டி நிலையத்தை ஒட்டி அமைந்த லாச்சப்பல் பகுதியை அறியாத புலம்பெயர் தமிழர் ஐரோப்பாவில் அரியர். 1980கள் தொடங்கி ஈழத்திலிருந்து அடைக்கலம் தேடி வந்தோரின் கடைகளும் உணவகங்களும் நிறைந்த தெருக்கள் அவை. மாணிக்க விநாயகர் தேர் ஆண்டுதோறும் உலா வரும் தெருக்களும் அவையே. இக்கட்டுரை அத்தெருக்களின் இன்றைய வாழ்வைப் பற்றியதன்று. அங்கிருந்து நடந்தே சென்றடையத்தக்க தொலைவில் இரண்டு பழைய கிறித்தவத் தலங்கள் உள்ளன. வடக்கே, லாச்சப்பல் தெருவில் நிற்கும் புனித தெனி ஆலயம் ஒன்று. மேற்கே, மோன்மார்த்ரே குன்றின் சரிவிலுள்ள மறைசாட்சியர் சிற்றாலயம் மற்றொன்று. இறைவனுக்குக் கீழ்ப்படிதல் என்றால் என்ன, அவன் பெயரால் பேசும் மனிதருக்குக் கீழ்ப்படிதல் என்றால் என்ன என்னும் வினா இவ்விரு தலங்களிலும் கூர்மையாக எழுந்தது. அவற்றுள் ஒன்றில் தொடங்கிய வழி தமிழகத்தின் முத்துக்குளித்துறை வரையிலும் மதுரை, புதுச்சேரி வரையிலும் நீண்டது. அவ்வழியில் இவ்வினா தமிழ்ச் சமூகத்தின் சாதி அமைப்போடு மோதியபோது நேர்ந்ததை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

முதலில் சொல்லைக் காண்போம். கீழ்ப்படிதலைக் குறிக்கும் விவிலியச் சொற்கள் பலவும் செவியிலிருந்து பிறந்தவை. எபிரேயத்தில் ‘ஷமா’ என்னும் வினை கேட்டலையும் கேட்டபடி நடத்தலையும் ஒருங்கே உணர்த்தும். புதிய ஏற்பாட்டின் கிரேக்கச் சொல்லாகிய ‘ஹிப்பாக்கோயே’ கேட்டல் என்னும் வேரின்மேல் அமைந்தது. இலத்தீன் ‘ஒபேதீரே’ என்பதும் அவ்வாறே. தமிழுக்கு இக்கருத்து அயலானதன்று. ‘பிள்ளை சொல் கேட்கிறான்’ என்னும்போது நாம் அவன் செவித்திறனைப் பேசவில்லை. யாழ்ப்பாண வழக்கில் ‘சொல்வழி கேட்காதவன்’ என்றால் பணியாதவன் என்றே பொருள். வள்ளுவர் கேள்விக்கென ஓர் அதிகாரமே வகுத்தார். ஆயினும் தமிழ்க் கிறித்தவ வழக்கில் நிலைபெற்ற சொல் ‘கீழ்ப்படிதல்’ என்பதே. சாமுவேல் முதல் நூலின் 15ஆம் அதிகாரத்தில், பலியினும் மேலானது எது என்று சவுல் அரசனுக்கு இறைவாக்கினர் உணர்த்தும் இடத்தில், என்றி பவர் தலைமையில் உருவாகி 1871இல் வெளிவந்த ஐக்கிய மொழிபெயர்ப்பு கீழ்ப்படிதல், செவிகொடுத்தல் என்னும் இரு சொற்களையும் அடுத்தடுத்து வைக்கிறது. மூலத்தில் முதற்சொல்லும் கேட்டலே. தமிழிலோ ஒன்று செவியைச் சுட்ட, மற்றொன்று இடத்தைச் சுட்டுகிறது. மேல், கீழ் என்னும் வரிசையில் பணிபவன் நிற்கும் இடம் அது.

மேலும் கீழும் பிறப்பினால் வரையறுக்கப்பட்ட ஒரு சமூகத்தில் இச்சொற்படிமம் வெறும் இலக்கண நுட்பமாக இருந்துவிட முடியாது. ஏற்கெனவே கீழ் என வைக்கப்பட்டவனிடம் ‘கீழ்ப்படி’ என்பது ஒன்று. ‘கேள்’ என்பது வேறொன்று.

இனி லாச்சப்பலுக்கு வருவோம். 15ஆம் நூற்றாண்டில் அது பாரிசு மதிலுக்கு வெளியே, புனித தெனி மடத்துக்குச் செல்லும் நெடுவழியில் அமைந்த சிற்றூர். 1860இல்தான் அது மாநகரோடு இணைக்கப்பட்டது. 1429 செப்டம்பரில் ஆங்கிலேயர் சார்பினரிடமிருந்து பாரிசை மீட்க வந்த ழான் தார்க் அவ்வூரில் தங்கி, புனித தெனி ஆலயத்தில் வேண்டுதல் செய்தாள். செப்டம்பர் 8 அன்று, அன்னை மரியாவின் பிறப்பு விழாவன்று, மதிலைத் தாக்கியபோது தொடையில் அம்பு தைத்துப் புண்பட்டு மீண்டும் லாச்சப்பலுக்கே கொண்டுவரப்பட்டாள். மறுநாள் போரைத் தொடர அவள் விழைந்தும், பின்வாங்குமாறு மன்னன் ஏழாம் சார்லசிடமிருந்து ஆணை வந்தது. அவள் பணிந்தாள். மன்னன் ஆணைக்குப் பணிந்த அப்பெண், ஈராண்டுகளுக்குள் ரூவான் நகரத் திருச்சபை நீதிமன்றத்தில், மண்ணுலகத் திருச்சபைக்கு அடங்குவாயா என்று வினவப்பட்டபோது, அடங்குவேன், ஆனால் கடவுளுக்கே முதல் ஊழியம் என்னும் கருத்தில் விடையிறுத்தாள். 1431 மே 30 அன்று எரிக்கப்பட்டாள். 1456இல் அத்தீர்ப்பு செல்லாது என அறிவிக்கப்பட்டது. 1920இல் அதே திருச்சபை அவளைப் புனிதை என உயர்த்தியது. இன்று பழைய ஆலயத்துக்கு அருகிலேயே அவள் பெயரால் 20ஆம் நூற்றாண்டுப் பேராலயம் ஒன்று நிற்கிறது. கீழ்ப்படியாதவள் எனத் தண்டிக்கப்பட்டவள், கீழ்ப்படிந்தவள் எனப் போற்றப்பட ஐந்நூறு ஆண்டுகள் வேண்டியிருந்தன.

மோன்மார்த்ரே நிகழ்வு இதனின்று வேறுபட்டது. 1534 ஆகசுடு 15 அன்று பாரிசுப் பல்கலைக்கழகத்தைச் சார்ந்த எழுவர் குன்றின் சரிவிலிருந்த சிற்றாலயத்தில் கூடினர். இஞ்ஞாசியாரும் சவேரியாரும் அவருள் இருவர். எழுவருள் குருப்பட்டம் பெற்றிருந்தவரான பியேர் ஃபாவ்ர் திருப்பலி நிறைவேற்றினார். வறுமை, கற்பு, எருசலேம் பயணம் ஆகியவற்றுக்கு அவர்கள் வாக்களித்தனர். பயணம் கைகூடாவிடில் திருத்தந்தையின் விருப்பத்துக்குத் தம்மை ஒப்படைப்பதாகவும் உறுதிகொண்டனர். அந்தப் பழைய சிற்றாலயம் பிரெஞ்சுப் புரட்சிக் காலத்தில் அழிந்தது. அவ்விடத்தின் நினைவைப் பின்னாளில் எழுந்த நிலவறைக் கோயில் காத்து நிற்கிறது.

இங்கு ஆய்வாளர் பலர் விரைந்து கடந்துவிடும் செய்தி ஒன்றுண்டு. அன்று அவர்கள் தம்முள் ஒருவருக்குக் கீழ்ப்படிவதாக வாக்களிக்கவில்லை. அவ்வினாவை அவர்கள் 1539இல் உரோமையில்தான் எடுத்துக்கொண்டனர். தம்முள் ஒருவரைத் தலைவராக்கி அவருக்குப் பணிவதா என்பதைப் பல நாள் வேண்டுதலிலும், இருபக்கக் காரணங்களையும் எடுத்துரைத்த உரையாடலிலும் ஆராய்ந்த பின்னரே உடன்பட்டனர். 1540இல் இயேசு சபை ஏற்பளிக்கப்பட்டது. கீழ்ப்படிதலுக்கு மறுபெயர் என்று கருதப்படும் ஒரு சபை, கீழ்ப்படிதலைப் பற்றி விவாதித்தே அதனை ஏற்றது. அச்சபையின் சட்டநூல் பணிபவனை முதியவன் கைக்கோலுக்கும் உயிரற்ற உடலுக்கும் ஒப்பிடும். ஆயினும் 1553இல் போர்த்துக்கல் நாட்டுச் சபையினருக்கு எழுதிய மடலில் இஞ்ஞாசியார், மாறான கருத்துத் தோன்றின் இறைவேண்டலுக்குப் பின் அதனைத் தலைவரிடம் எடுத்துரைக்கலாம் என்றும் இடந்தந்தார். இந்த ‘எடுத்துரைத்தல்’ பின்னாளில் தமிழகத்தில் எவ்வளவு நீண்டது என்பதைக் காண்போம்.

இந்தியாவுக்கு அனுப்பத் தேர்ந்தவர் நோயுற்றமையால், அவருக்கு மாற்றாகக் குறுகிய கால இடைவெளியில் புறப்பட்டவர் சவேரியார். 1542 மே மாதம் கோவாவை அடைந்து, அவ்வாண்டிலேயே முத்துக்குளித்துறைக்கு வந்தார். அங்கு வாழ்ந்த பரதவர் சில ஆண்டுகளுக்கு முன்னரே போர்த்துக்கீசியப் பாதுகாப்பை நாடித் திருமுழுக்குப் பெற்றிருந்தனர். ஆனால் அவர்களுக்கு மறைக்கல்வி வாய்த்திருக்கவில்லை. சவேரியார் உள்ளூர் அறிந்தோர் துணையுடன் செபங்களையும் பத்துக் கட்டளைகளையும் தமிழாக்குவித்து மனப்பாடம் செய்து, மணியடித்துச் சிறுவரைக் கூட்டிக் கற்பித்தார். 1544இல் உடன்பணியாளர் மான்சில்லாசுக்கு விடுத்த மடலில் ஒரு திருத்தம் குறிக்கிறார். நம்பிக்கை அறிக்கையில் ‘வேணும்’ என்று சொல்லப்பட்டு வந்த இடத்தில் விசுவாசத்தைக் குறிக்கும் சொல்லை இட வேண்டும், ஏனெனில் முன்னது விரும்புதலையே குறிக்கும் என்பது அதன் கருத்து. கடற்கரையில் ஈராண்டுகளாக மக்கள் கடவுள்முன் ‘எனக்கு வேணும்’ என்று சொல்லிக்கொண்டிருந்தனர் போலும். அது முற்றிலும் தவறென்று நான் துணியேன். எனினும் என் விருப்பத்திலிருந்து அவர் சொல்லுக்கு நகர்வதே கிறித்தவக் கீழ்ப்படிதலின் முதற்படி எனின், தமிழில் அந்நகர்வு ஒரு சொற்றிருத்தமாகவே தொடங்கியது எனலாம். 1554இல் லிசுபன் நகரில் உரோமன் எழுத்தில் அச்சான தமிழ் மறைச்சுவடியும், அண்ட்ரிக் அடிகளார் 1578இல் கொல்லத்தில் தமிழெழுத்தில் அச்சிட்ட ‘தம்பிரான் வணக்கம்’ என்னும் நூலும் இம்முயற்சியின் தொடர்ச்சியே.

தம்பிரான், அடியார் முதலிய சொற்களை அண்ட்ரிக் முதலியோர் பத்தி மரபிலிருந்தே பெற்றனர். அம்மரபில் அடிமை என்பது இழிவன்று. ஓலை காட்டித் தடுத்தாட்கொண்ட இறைவனோடு வழக்காடிய சுந்தரர், வழக்காடியதனால் அடியார் அல்லாதவர் ஆகவில்லை. தமிழ்ச் சமயத் தமிழில் பணிதலுக்கும் வாதிடுதலுக்கும் பகையில்லை என்பது மறைப்பணியாளர்க்குக் கிடைத்த பெருஞ்செல்வம். பின்னர் 1726இல் தேம்பாவணி பாடிய வீரமாமுனிவர் தம் காப்பியத் தலைவனாக வளனைக் கொண்டார். நற்செய்தி நூல்களில் ஒரு சொல்லும் பேசாதவர் அவர். கனவில் கேட்டதை எழுந்து செய்தவர். கேட்டலே கீழ்ப்படிதலான ஒருவருக்குத் தமிழில் 3,615 பாடல்கள் அமைந்தமை எதிர்பாராச் சிறப்பு.

1606இல் மதுரைக்கு வந்த தெ நோபிலி எழுப்பிய வினாவுக்கு வருவோம். பூணூல், குடுமி, சந்தனம், நீராட்டு ஆகியன சமயச் சின்னங்களா, சமூக வழக்கங்களா? 1619இல் கோவாவில் கூடிய அவை அவருக்கு எதிராகச் சாய்ந்தது. 1623 சனவரி 31 அன்று திருத்தந்தை 15ஆம் கிரகோரியார், மூடநம்பிக்கை கலவாதவரை அவற்றுக்கு இசைவளித்தார். இத்தீர்ப்பைத் தமிழியல் ஆய்வுலகம் பண்பாட்டு ஏற்பின் வெற்றியாகக் கொண்டாடுகிறது. அது தகும். ஆனால் குடிப்பெருமை உடையோர் எளியோரை இகழலாகாது என்னும் அறிவுரையும் அதே ஆவணத்தில் இடம்பெற்றதை நாம் குறைவாகவே நினைவுகூர்கிறோம். கேட்டவற்றுள் ஒரு பகுதியை மட்டும் கேட்பது புலமையுலகிலும் நிகழ்வதுண்டு.

1703 நவம்பரில் திருத்தந்தையின் தூதர் தூர்னோன் சீனத்துக்குச் செல்லும் வழியில் புதுச்சேரியில் வந்திறங்கினார். நோயினால் அங்கேயே தங்கிய அவர், 1704 சூன் 23 நாளிட்டு 16 கூறுகள் கொண்ட ஆணை ஒன்றைப் பிறப்பித்து, சூலையில் கப்பலேறினார். திருமுழுக்கில் உமிழ்நீர் முதலியவற்றை விலக்கலாகாது, பிள்ளையார் உருவம் பொறித்த தாலியை அணியலாகாது, 108 இழைகொண்ட மஞ்சட்கயிறு கூடாது, திருமணத்தில் தேங்காய் உடைத்தல் கூடாது, பெண் பூப்பெய்திய விழாவைக் கொண்டாடலாகாது, மாதவிலக்கான பெண்களைத் திருவருட்சாதனங்களினின்று தள்ளலாகாது, திருநீறு பூசலாகாது, கிறித்தவ இசைவாணர் கோயில் விழாக்களில் வாசிக்கலாகாது எனப் பலவும் அதில் அடங்கும். தமிழ் வாழ்வை அறியாத ஒருவரின் கடுமை இக்கூறுகள் பலவற்றில் வெளிப்படை. அவற்றை எதிர்த்த இயேசு சபையினரின் வாதங்களில் நியாயம் மிகுதி.

ஆனால் அந்த ஆணையில் வேறு வகைப்பட்ட கூறு ஒன்றும் இருந்தது. நோயுற்ற பறையர் கிறித்தவரின் இல்லத்துக்குள் குருக்கள் நேரிற் சென்று அருட்சாதனங்கள் வழங்க வேண்டும் என்பது அது. பிராமணத் துறவியராகவும் பண்டார சாமிகளாகவும் மதிப்புப் பெற்றிருந்த மதுரை மறைப்பணியாளர்க்கு இது இயலாதது எனத் தோன்றியது. சேரிக்குள் நுழைந்தால் பிற சாதியார் தம்மை அணுகார், கட்டிய பணி சரியும் என்றனர். இவ்வச்சம் கற்பனையன்று, உண்மையே. ஆயினும் தாலியின் வடிவத்தைப் பற்றிய வழக்கும், சாகும் தறுவாயில் கிடப்பவனின் வாயிற்படியைப் பற்றிய வழக்கும் ஒரே முறையீட்டில் ஒரே தட்டில் வைக்கப்பட்டமையே இவ்வரலாற்றின் துயரமான கூறு என்பது என் கருத்து.

மறுப்பை எடுத்துரைக்க லேய்னசு அடிகளாரும் புஷே அடிகளாரும் உரோமைக்குச் சென்றனர். இறைவனின் மாட்சியும் ஆன்மாக்களின் மீட்பும் இடந்தரும் அளவுக்கே ஆணை கட்டுப்படுத்தும் எனத் திருத்தந்தை 11ஆம் கிளமெண்ட் வாய்மொழியாக அருளினார் என்பது இயேசு சபையினர் தரப்பு. எவ்வளவு வசதியான, அதேவேளை எவ்வளவு ஆழமான சொற்றொடர்! ரூவானில் அப்பெண் சொன்னதும் ஏறத்தாழ இதுவே. திருச்சபைக்குப் பணிவேன், கடவுளே முதல். வேறுபாடு ஒன்றுண்டு. அவள் தன் உயிரைப் பணயம் வைத்துச் சொன்னாள். இங்கே காத்திருந்து உயிர்நீத்தவர் வேறொருவர்.

எடுத்துரைத்தல் 40 ஆண்டுகள் நீடித்தது. 1744 செப்டம்பர் 12 அன்று திருத்தந்தை 14ஆம் பெனடிக்ட் இறுதி ஆணை விடுத்தார். மறைப்பணியாளர் ஒவ்வொருவரும் கீழ்ப்படிவதாக ஆணையிட்டு உறுதிகூற வேண்டும் என்பது நிலைநாட்டப்பட்டது. பறையர் இல்லங்களைப் பற்றிய சிக்கலுக்கு, அம்மக்களுக்கெனத் தனி மறைப்பணியாளரை அமர்த்தும் ஏற்பாட்டை இயேசு சபையினர் முன்வைக்க, அது ஏற்கப்பட்டது. ஆணையின் எழுத்து நிறைவேறியது. சுவர் குருகுலத்துக்கு உள்ளேயே எழுந்தது.

இச்செய்தியின் மறுபாதி உரோமை ஆவணங்களில் இல்லை. கிறித்தவரல்லாத ஆனந்தரங்கப் பிள்ளையின் நாட்குறிப்பில் உள்ளது. புதுச்சேரியில் இயேசு சபையினரின் புனித பவுல் கோயிலை மக்கள் சம்பா கோயில் என்றனர். அங்கே பறையர் கிறித்தவரையும் ஏனையோரையும் பிரித்து ஒரு சுவர் இருந்தது. 1745 அக்டோபரில், காரைக்காலிலிருந்து வந்த குரு ஒருவர் அதைக் குறைகூறியதைத் தொடர்ந்து, சேரிக் கிறித்தவர்கள் திரண்டு மூத்த குருவிடம் சென்றனர். தாங்களும் மற்றவரும் ஒரே ஆண்டவரின் மக்களாயின் நடுவே சுவர் எதற்கு என்னும் பொருள்பட முறையிட்டனர். குரு சுவரை இடிப்பித்தார். சாதிக் கிறித்தவர் கொதித்தெழுந்தனர். துய்ப்ளேக்சு ஆளுநராக இருந்த காலம் அது. நகரத்தின் அன்றாடச் செய்திகளோடு செய்தியாகப் பிள்ளை இதனைக் குறித்து வைத்தார்.

கீழ்ப்படிதலின் வரலாறு பெரும்பாலும் மேலிருப்போர் எழுதியது. ஆணை விடுத்தவர், எதிர்த்தவர், உறுதிமொழி ஏற்றவர் என அனைவருமே குருக்கள். புதுச்சேரிச் சேரி மக்களோ எவரும் தம்மிடம் கருத்துக் கேட்காத நிலையில், தமக்குக் கற்பிக்கப்பட்டதைக் கேட்டு, கற்பித்தவரிடமே அதை நிறைவேற்றுமாறு வேண்டினர். அவர்கள் திருச்சபையை மறுக்கவில்லை, வெளியேறவும் இல்லை. குருவின் முன் சென்று நின்றனர். இஞ்ஞாசியார் இடந்தந்த எடுத்துரைத்தலுக்கு இதனினும் தூய எடுத்துக்காட்டை அந்த 40 ஆண்டுக் கடிதப் போக்குவரத்தில் நான் காணவில்லை. ‘கீழ்’ என்னும் இடத்தில் நிறுத்தப்பட்டவர்கள் ‘கேள்’ என்னும் சொல்லின் பொருளை நிலைநாட்டினர்.

1773இல் இயேசு சபை ஒடுக்கப்பட்டதும், சபையினர் அவ்வாணைக்கும் பணிந்தனர். 1776இல் புதுச்சேரி மறைப்பணி பாரிசு வெளிநாட்டு மறைப்பணிச் சபையின் பொறுப்பாயிற்று. அச்சபையின் தலைமையகம் சேன் ஆற்றின் தென்கரையில் பாக் தெருவில் இன்றும் உள்ளது. சுவர்களின் கதை அதனோடு முடியவில்லை. 19ஆம் நூற்றாண்டில் வடக்கன்குளத்தில் சாதியினர் பார்வையில் படாதவாறு இருகிளையாக ஓர் ஆலயமே கட்டப்பட்டது. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அங்கிருந்த தடுப்புகள் அகற்றப்பட்டபோது வழக்கு சென்னை உயர்நீதிமன்றம் வரை சென்றது. 1744இல் நிலைநாட்டப்பட்ட உறுதிமொழி 1940 ஏப்ரலில்தான் நீக்கப்பட்டது. தாலியும் மஞ்சளும் அதன் பின் ஐயத்துக்குரியனவாக இல்லை.

இன்று லாச்சப்பல் பகுதியில் நடமாடும் தமிழ்க் கிறித்தவருள் பழைய பிரெஞ்சு இந்தியாவின் வழிவந்தோரும் உண்டு, யாழ்ப்பாணம், மன்னார் ஆகிய இடங்களிலிருந்து போரினால் பெயர்ந்தோரும் உண்டு. அவர்களுடைய பிள்ளைகள் மறைக்கல்வியைப் பெரும்பாலும் பிரெஞ்சு மொழியில் பெறுகின்றனர். பிரெஞ்சில் கீழ்ப்படிதலைக் குறிக்கும் ‘ஒபேயீர்’ என்னும் சொல்லில் செவியின் தடம் பேச்சளவில் மறைந்துவிட்டது. ஆனால் பிரெஞ்சுத் தாய் தன் குழந்தையை அதட்டும்போது அச்சொல்லைவிட ‘எக்கூத்’, அதாவது ‘கேள்’, என்பதையே மிகுதியும் பயன்படுத்துகிறாள். அதே தெருவில் யாழ்ப்பாணத் தாய் ‘சொல்வழி கேள்’ என்கிறாள். புலம்பெயர் சூழலுக்கென மறைக்கல்வி நூல்களைத் தமிழில் ஆக்குவோர் கீழ்ப்படிதல் என்னும் தலைப்பை அமைக்கும்போது, இவ்விரு தாய்மாரின் வழக்கையும், சம்பா கோயில் சுவரின் முன் நின்றோரையும் கருத்திற்கொள்ள இடமுண்டு.